தங்கையா அண்ணனுக்கு ஸ்டீரிங் பழக்கிய கதை

டிராம் ஓட்டுகிறவனுக்கு வண்டியைக் கிளப்பவும் நிறுத்தவும் தெரிந்தால் போதும். திருப்புகிற வேலையைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். பினாங்கில் டிராமை எடுத்துவிட்டு, மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் டிராலி பஸ்ஸை விட்டபோது, அந்த வேலை மனிதன் தலையில் விழுந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மீசை காது வரைக்கும் இருக்கும்; சரி, பாதிக் கன்னம் வரைக்கும். லாரி ஓட்டிப் பழகியவன் என்று, இருபது வருஷம் டிராம் ஓட்டிய தங்கையா அண்ணனுக்குச் சொல்லிக்கொடுக்க என்னை நிறுத்தினார்கள். மூன்று மாதத்தில் தேறாவிட்டால் அவருக்கு வேலை இல்லை. மூத்தவருக்குப் பாடம் நடத்திய பாவிகளே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

நின்றபடியே

டிராமை நின்றுகொண்டுதான் ஓட்டுவார்கள். அண்ணன் முதல் நாள் டிராலி பஸ்ஸில் ஏறி, சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்காரவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு நின்றபடியே ஸ்டீரிங் சக்கரத்தைப் பிடித்தார். கெஞ்சிப் பார்த்தேன். "உக்காந்துக்கிட்டு வேலை பாக்க நான் என்ன ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணியா தம்பி?"

வளைவு

ஒரு வாரத்தில் உட்கார்ந்தார். ஆனால் வளைவு வந்தால் இரண்டு கையும் தானாக விட்டுவிடும். வண்டி நேரே சாக்கடையைப் பார்த்துப் போகும், நான் பாய்ந்து பிடிப்பேன். இரண்டு மாதம் டிப்போ முற்றத்தில் பீப்பாய்களை நட்டு வைத்துச் சுற்றிச் சுற்றிப் பழக்கினேன். கடைசியில் ஒரு பீப்பாயும் சாயவில்லை. அண்ணன் இறங்கி, சக்கரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இத்தன வருஷம் வண்டி என்னைய ஓட்டிக்கிட்டு இருந்திருக்கு தம்பி."

கூடையடிக் கதை

தேர்வும் அதே முற்றத்தில்தான் என்று பேச்சு. தேறிவிடுவார் என்று எனக்கு நிச்சயம். அந்தத் தெம்பில், டிப்போ வாசலில் சோறும் குழம்பும் விற்கும் பாயின் நாசி கண்டார் கூடையைச் சுற்றிக் குந்தியிருந்த ஆட்களிடம் ஒரு கதை விட்டேன்: அண்ணன் பஸ்ஸைக் கடலுக்குள் விட்டார், நான் முங்கிப் போய் ஸ்டீரிங்கைத் திருப்பிக் கரை சேர்த்தேன் என்று. பாய்க்குச் சிரித்துச் சிரித்துக் குழம்பு சிந்தியது.

கதை கை மாற மாற, கடல் வற்றிச் சாக்கடை ஆனது, நம்பும்படியும் ஆனது. இரண்டாம் நாள் தேர்வு நடத்தும் டிப்போ இன்ஸ்பெக்டர் காதுக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டார். வெறும் கதை சார் என்றேன். "ஆளைக் காப்பாத்தப் பாக்காதே. முற்றத்துல வேணாம், ஜெலுத்தோங் ரோட்டுல ஓட்டிக் காட்டச் சொல்லு."

ஜெலுத்தோங் ரோடு

மாட்டுவண்டி, ரிக்‌ஷா, கூடைக்காரிகள், எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டு அண்ணன் அழகாகத்தான் ஓட்டினார். பின்னால் நான், பக்கத்தில் இன்ஸ்பெக்டர். பழைய டிராம் தண்டவாளத்தை அந்த ரோட்டில் இன்னும் பெயர்க்கவில்லை. வளைவில் அது வெயிலில் மின்னிக்கொண்டு திரும்பியது. அண்ணன் கை இரண்டையும் எடுத்துவிட்டார்.

பஸ் நேரே போனது. கூரைக் கம்புகள் மின்கம்பியை விட்டுக் கழன்றன. மின்சாரம் இல்லாமல் வண்டி காப்பிக்கடை வாசலில் நின்றது. ஒருவருக்கும் அடியில்லை. அண்ணனே இறங்கி, மூங்கிலால் கம்புகளைத் திரும்ப மாட்டினார். பிறகு மூங்கிலை என்னிடம் கொடுத்தார். "தண்டவாளத்தப் பாத்தேன் தம்பி. நம்பிட்டேன்."

படகுத்துறை

அக்கரையில் நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மச்சான் இருக்கிறார் என்று மறு வாரம் கிளம்பினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறை வரை போனேன். வழியெல்லாம் சொல்லிவிட நினைத்து, படகு ஊதிய பிறகுதான் வாய் திறந்தேன்: அந்தக் கதையைக் கட்டியது நான் என்று. அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். "பாய் அன்னிக்கே சொல்லிட்டாரு. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்லா."

அன்று முதல் யாராலும் நம்ப முடியாத பொய்யாகப் பார்த்துத்தான் சொல்லி வருகிறேன், ஊரில் என்னைப் புளுகன் என்கிறார்கள், ஆனால் அதனால் இதுவரைக்கும் யாருக்கும் வேலை போகவில்லை.