கல்லறையில் விட்டுப்போன கடைசி வணக்கம்

இறந்தவரின் இடத்திலிருந்து புறப்படும்போது விடைபெறுவது மரியாதையா, பெறாமல் வருவது மரியாதையா? இரண்டு வருடமாகியும் என்னிடம் பதில் இல்லை.

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் ஒரு கொரியத் தற்காப்புக் கலைக் கழகத்தில் அப்போது துணைப் பயிற்சியாளராக இருந்தேன். எங்கள் பாணியை உருவாக்கிய கொரிய ஆசிரியர் ஒஸ்லோவில் வாழ்ந்து, இங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர். பெல்ட் தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை மாணவர்கள் அவருடைய கல்லறைக்குப் போய் வணங்குவது வழக்கம். தலைமைப் பயிற்சியாளர் ஹெல்கேதான் கூட்டிப்போவார். அந்த வருடம் அவருக்கு முழங்காலில் ஒப்பரேஷன்.

"இந்த முறை நீ கூட்டிக்கொண்டு போ. ஆசிரியரின்ர மகளும் வருவா. சிறுவர் வகுப்பை ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு அவதான் முடிவெடுக்கிறவ" என்றார்.

சிறுவர் வகுப்பு நாலரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும். பெரியவர்களின் வகுப்பை முடித்து நான் வீடு போகும்போது மூன்று வயது மகள் நிலா நித்திரையாகிவிடுவாள். சிறுவர் வகுப்பு எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதி மூன்று முறை சரிபார்த்தேன். கணவருக்கு அன்று வேலை. நிலாவையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. துணைக்கு வந்த ரஜனி அக்கா, ஒரு மாணவியின் தாய், பார்த்ததுமே தொடங்கிவிட்டார்.

"பச்சைப் பிள்ளையைச் சவக்காலைக்கோ? படிச்சு என்ன பிரயோசனம்!"

கல்லறைக்குப் பக்கத்தில் ஆசிரியரின் மகள் காத்திருந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வெள்ளைப் பூக்களை வைத்தோம். "கியொங்னே!" என்று கட்டளையிட்டேன். எல்லோரும் குனிந்து வணங்கினார்கள். ஒரு நிமிட மௌனம். எல்லாம் தாளில் இருந்தபடியே நடந்தது. நிம்மதியோடு நிலாவைத் தூக்கினேன். ஒரு வார்த்தையும் பேசாமல் பிள்ளைகளை வாசல்வரை நடத்தி வந்துவிட்டேன்.

"அம்மா, அன்ரி அங்கையே நிக்கிறா" என்றாள் நிலா, என் தோளுக்கு மேலால் பார்த்து.

"திரும்பிப் பாக்கக்கூடாது, குஞ்சு" என்று ரஜனி அக்கா அவளுடைய முகத்தைத் திருப்பினார்.

அப்போதுதான் உறைத்தது. பயிற்சிக் கூடத்தை விட்டுப் போகும்போதுகூட வணங்காமல் போனால் நான் பிள்ளைகளைக் கண்டிப்பேன். சாவீட்டிலிருந்து 'போட்டு வாறன்' என்று விடைபெறாமல் வரும் எங்கள் பழக்கம், என் கால்களைத் தானாக நடத்தி வந்துவிட்டது. புறப்படும்போது செய்யும் அந்தக் கடைசி வணக்கம் தாளில் இல்லை; அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று எழுதாமல் விட்டிருந்தேன்.

"திரும்பிப் போகவேணும், அக்கா."

"உமக்கென்ன விசரே? பிள்ளையோடயோ?"

போனேன். பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள். ஆசிரியரின் மகள் கைகளைப் பக்கவாட்டில் வைத்தபடி அசையாமல் நின்றார்.

"அப்பா இஞ்சைதான் இருக்கிறார். நீங்கள்தான் போயிட்டீங்கள்" என்றார் நொர்வேஜிய மொழியில்.

எங்கள் வழக்கத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"சாவீட்டுக்குப் போய் வந்தால் என்ர அம்மா வாசலில வைச்சு எங்கள் மேல உப்பு எறிவா. நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"தலை முழுகுவம்."

"அப்ப முதல்ல வணங்குங்கோ. பிறகு வீட்டை போய் முழுகுங்கோ."

நான் கட்டளையிடுவதற்கு முன்பே பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துவிட்டார்கள். ரஜனி அக்காவும் தலையை லேசாகத் தாழ்த்தியதைக் கண்டேன்.

வீட்டுக்கு வந்து நிலாவை இரண்டு முறை குளிப்பாட்டினேன். மூன்று நாள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் வரவில்லை. நாலாம் நாள் ஹெல்கே போன் எடுத்து, வகுப்பு எனக்குத்தான் என்றார். போனை வைத்துவிட்டுக் குசினித் தரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அடுத்தவர் வழக்கத்தைப் படிப்பதோடு நிறுத்தாதீர்கள். யோசிக்காமலே நீங்கள் செய்யும் உங்கள் சொந்த வழக்கங்களையும் தாளில் எழுதிப் பாருங்கள். தவறு அங்கேதான் இருக்கும்.

இப்போது சிறுவர் வகுப்பு என் பொறுப்பு. இந்த வருடம் இரண்டு தமிழ்த் தாய்மார், "பிள்ளை பெல்ட் தேர்வுக்கு வரட்டும், ரீச்சர். சவக்காலைக்கு மட்டும் வேண்டாம்" என்று கேட்டிருக்கிறார்கள். கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லவா? விட்டுவிட்டால் ஆசிரியருக்குச் செய்யும் குறையாகுமா? பிள்ளை வளர்ப்பவர்கள், பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர்கள், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.