பசை காய்வதற்குள்

என் கணவரின் கப்பலிலிருந்து சேதி நின்றுபோனபோது மேசைக்குக் கால்களும் மேல்பலகையும் முடிந்திருந்தன. இழுப்பறை மட்டும் பாக்கி.

மேசை அவர் கேட்டதுதான். கப்பலில் மூன்றாம் இன்ஜினியர். லீவில் வந்திருந்தபோது, அடுத்த பரீட்சைக்கு உட்கார்ந்து படிக்க ஒரு மேசை வேண்டும் என்றார். "கப்பல்ல எல்லா மேசையும் தரையோட போல்ட் போட்டது. நம்ம வீட்டுல இழுத்துப் போட்டு உக்காருத மாதிரி ஒண்ணு செய்யேன். முழு மரத்துல." துறைமுகச் சாலையில், ஏற்றுமதிக்கு மரப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் கணக்கு பார்க்கிறேன். அங்கே பட்டறைப் பக்கம் போய் நின்றும், வீடியோ பார்த்தும், பலகைகளைக் கெடுத்துக் கெடுத்தும் கற்றுக்கொண்ட வேலை. அதுவரை ஸ்டூலும் ஷெல்ஃபும்தான் செய்திருந்தேன்.

"செங்கடல் பக்கம் நுழையப் போறோம். நெட்டு, சிக்னல் எல்லாத்தையும் அணைச்சிருவாங்க. கொஞ்ச நாள் மெசேஜ் வராது, பயப்படாத" என்று கடைசியாகக் குரல் அனுப்பியிருந்தார். அவர் சொன்ன கொஞ்ச நாள் தாண்டிப் போனது. நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. கப்பல் கம்பெனியில் போனை எடுத்த பெண் ஒவ்வொரு முறையும் ஒரே குரலில், "தகவல் வந்ததும் சொல்றோம் மேடம்" என்றாள். பிறகு ஒரு காலை, அந்தக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் தாக்கப்பட்டதாக டிவியின் அடியில் எழுத்து ஓடியது. கப்பலின் பெயர் போடவில்லை.

அவருடைய அம்மாவும், என் மாமி, பக்கத்தில்தான் இருந்தார்கள். இருவரும் படித்தோம். மாமி எழுந்து டிவியை அணைத்தார்கள். அடுப்பில் கொதித்த குழம்பை இறக்கி வைத்தார்கள்.

நான் வேலைக்கு லீவு சொன்னேன். சும்மா உட்கார முடியவில்லை. பின்வாசல் தகரக் கொட்டகைக்குப் போய்ப் பூவரசம் பலகைகளை எடுத்தேன். இழுப்பறையின் மூலைக்கு, ஒரு பலகையின் நுனியில் புறா வாலை விரித்ததுபோல் பல் வெட்ட வேண்டும். அது போய் உட்கார மற்றப் பலகையில் பள்ளம் வெட்ட வேண்டும். சரியாக வந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், ஆணி தேவையில்லை. ரம்பம் வரைந்த கோட்டைத் தின்றுவிட்டால் தளர்ந்துபோகும். மிச்சம் விட்டால் இறக்கும்போது பலகை பிளந்துவிடும். மனசை வேறெங்கும் போகவிடாத வேலை என்று நினைத்துத்தான் எடுத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. உளிமேல் கொட்டாப்புளி விழும் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் காது போனிடமே போனது.

மாமிக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. முதலில் ஜன்னலைச் சாத்தினார்கள். மறுநாள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய் வெகுநேரம் இருந்தார்கள். அதற்கடுத்த நாள் மத்தியானம் நேராகக் கொட்டகைக்கே வந்துவிட்டார்கள். பசை போடாமல் நாலு பலகையையும் கோத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏளா, நிறுத்து."

நிமிர்ந்தேன்.

"அவன் சேதி தெரியாம நான் உசிரக் கையில புடிச்சிட்டு இருக்கேன். நீ வீட்டுக்குள்ள பெட்டி அடிச்சிட்டு இருக்க."

"பெட்டி இல்ல மாமி. மேசைக்கு டிராயரு."

"எனக்குப் பெட்டிதான்."

மாமா சரக்குத் தோணியை ஓட்டும் தண்டலாக இருந்தவர், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போனபோது இறந்துபோனார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மீதியை மாமி அன்றுதான் சொன்னார்கள், கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு.

"உடம்பு ஊதிப் போயி வந்துச்சு. கடையில வாங்குன பெட்டிக்குள்ள அடங்கல. வாசல்ல வச்சுப் புதுசா அடிச்சானுவ. நான் உள்ள உக்காந்திருந்தேன். ஒவ்வொரு ஆணியும் எனக்குக் கேட்டுச்சு."

இரக்கத்தோடு கோபமும் வந்தது. "உங்க மவன் எனக்கும் வேணும் மாமி. இதையும் விட்டா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்" என்றேன். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. மாமி என்னையே பார்த்தார்கள். நான் கோத்த பலகைகளைத் தூக்கி அவர்களிடம் நீட்டினேன். "இதுல ஒரு ஆணி கிடையாது. பாருங்க."

முன்பலகையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. விரலால் மூலையைத் தடவினார்கள்.

"பசை போட்டா இன்னும் நிக்கும். போடும்போது மூலை கோணாமப் புடிக்க ஒரு ஆள் வேணும்" என்றேன். மாமி உள்ளே போய்விட்டார்கள்.

மறுநாள் காலை நான் பசை டப்பாவைத் திறந்தபோது மாமி தானாகவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். "எங்கன புடிக்கணும், சொல்லு."

பல்லுக்கெல்லாம் பசை தடவி முதல் மூலையை இறக்கினேன். வறண்ட காற்று அடித்த நாள். பசை இறுகத் தொடங்கிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கடைசி மூலை பாதி இறங்கியபோது போன் அடித்தது. திரையில் நான் பார்த்தேயிராத நீளமான எண்.

மாமி என் கையைத் தட்டிவிட்டார்கள். "நீ போ. நான் புடிச்சிக்கிடுதேன்."

பாய்ந்து எடுத்தேன். கையெல்லாம் பசை. திரையைத் தள்ளுகிறேன், அது என் விரலை ஏற்கவே மாட்டேன் என்கிறது. மறுபடி தள்ளினேன். நின்றுவிட்டது.

"திருப்பி அடிளா!"

கையைச் சுடிதாரில் தேய்த்துத் துடைத்துவிட்டு அடித்தேன். அந்த எண்ணுக்கு அழைப்பே போகவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மாமி பெட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். நல்லது சொல்லக் கூப்பிட்டார்களா, கெட்டது சொல்லக் கூப்பிட்டார்களா?

மறுபடி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அவர் குரல், எங்கோ தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல.

"நான்தான். நல்லாருக்கேன்."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அடிபட்டது எங்களுக்கு முன்னால போன கப்பல். அதுல இருந்தவங்கள நாங்கதான் எங்க கப்பல்ல ஏத்துனோம்."

"எல்லாரையுமா?"

இரைச்சல் நீண்டது. "இல்ல" என்றார். அப்புறம், "அம்மா இருக்காளா?"

"இங்கனதான் இருக்கேன்" என்றார்கள் மாமி. "சாப்பிட்டியாலே?"

"சாப்ட்டேம்மா."

அதோடு இணைப்பு அறுந்தது. திரும்பிப் பார்த்தேன். மாமி இன்னும் பெட்டியை விடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். அப்போதுதான் அழுதார்கள். நானும்.

கடைசி மூலை பாதியில் இறுகிவிட்டது. ஈரத்துணியால் சுற்றி, வெந்நீர் ஊற்றிக் கழற்றியபோது ஒரு பல் உடைந்தது; அந்தப் பலகையை மட்டும் புதிதாக வெட்டிச் சேர்த்தேன். மாமி மறுபடி வந்து பிடித்தார்கள்.

சில மாதம் கழித்து அவர் வந்தார். மேசையைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார், இழுப்பறையை இழுத்து மூடினார், சிரித்தார். காலையில் புத்தகத்தைத் திறந்து உட்காருவார். நான் குளித்துச் சமைத்து முடிக்கிறவரை அதே பக்கம் திறந்திருக்கும். ஏற்ற முடியாமல் போனவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு தடவை மாமி கேட்டார்கள்: "இனியும் போவணுமாலே?"

"பரீட்சை முடியட்டும்மா."

பரீட்சையில் தேறினார். அடுத்த கப்பலுக்குக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை செங்கடல் இல்லை, ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகிற வழி என்றார். மாமி மேசைமேல் அவர் பையை விரித்து, சட்டைகளுக்கு நடுவில் ஊறுகாய் பாட்டிலை வைத்து, அதன் மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள்.