எப்ப போறீங்க?

லீவில் இலங்கைக்கு வந்திருந்த நான், கல்பிட்டிக் கடலில் கைட் சர்ஃபிங் பழக்கும் ஒரு வெள்ளைக்காரனையும் அவன் குடும்பத்தையும் விமான நிலையத்திலிருந்து மச்சானின் வேனில் ஏற்றி வந்தேன். அவனுக்கு வேலை விசா. அதை வைத்து மனைவிக்கும் மகளுக்கும் வதிவிட விசா எடுத்துவிட்டானாம். மகள் வழி நெடுக அவன் மடியில்தான். எனக்கு வயிறு எரிந்தது.

சவூதியில் எனக்கும் வேலை விசாதான், ஹவுஸ் டிரைவர் விசா. கபில், அதாவது விசா தந்த முதலாளி, விடாமல் வேறு வேலைக்குப் போக முடியாது. குடும்பத்தைக் கூப்பிடவே முடியாது. அங்கே இன்ஜினியர் விசாவில் இருப்பவன் பெண்சாதி பிள்ளையோடு கடைத்தெருவில் திரிவான்.

வழியில் முந்தலில் தேநீருக்கு நிறுத்தியபோது, தெரிந்த கடைக்காரர் என் கையைப் பிடித்தார்.

"எப்ப வந்தீங்க? எப்ப போறீங்க?"

வெளிநாட்டில் இருந்து வந்தவனிடம் எங்கள் ஊரில் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். வெள்ளைக்காரனைப் பார்த்து அவர் சிரித்ததோடு சரி. அவன் எப்போது போவான் என்று அவர் கேட்கவேயில்லை.

அவர்களைக் கல்பிட்டியில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. "அந்தச் சின்னப் பிள்ளைக்கும் விசா இருக்கு!" என்று மனைவியிடம் கத்தினேன். பக்கத்தில் சோறு தின்றுகொண்டிருந்த என் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாப்பா, எங்கட வீட்டுல இருக்க உங்களுக்கு எத்தன நாள் விசா?"