மூன்று விசிறிக் கார்டும் பிரசீதாவின் பஸ்ஸும்

பாறசாலையிலிருந்து பனச்சமூடு போகிற வழியில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும், யார் செத்துப்போனாலும் அது பிரசீதாவுக்குத் தெரியாமல் இருக்காது. கல்யாணக் கார்டு, ஃபிளெக்ஸ் போர்டு, கோயில் உற்சவ நோட்டீஸ் எல்லாம் அவள் கைவண்ணம். நெய்யாற்றின்கரையில் ஒரு பிரஸ்ஸில் வேலை. பெண் வீடு மாநில எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், மாப்பிள்ளை வீடு இந்தப் பக்கம் என்றால் கார்டில் தமிழும் மலையாளமும் சேர்ந்து வரவேண்டும். ஒன்றையொன்று நெருக்காமல் இரண்டையும் உட்காரவைக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. அவள் செய்கிற போர்டுகளை என் பெட்டி ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறவன் நான், ஜெயன். அதனால் எனக்குத் தெரியும்.

அவளுக்கு இன்னொரு முகமும் உண்டு. பஸ் ஓட்டுவாள், போனில். பஸ் ஓட்டும் கேமுக்கு வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்து, படம் வரைந்து, இணையத்தில் போட்டுவிடுவாள். கண்ணூர் வரைக்கும் பையன்கள் அதை இறக்கி ஓட்டுகிறார்கள். அடித்தது முப்பத்தாறு வயதுப் பெண், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மா என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் போனுக்கு அவ்வளவுதான் சீவன். பாதி ஏற்றத்தில் பஸ் அப்படியே நின்றுவிடும். பிரசீதா பல்லைக் கடிப்பாள்.

அப்போதுதான் பிரஸ்ஸை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வேலை செய்யப்போகிறேன், அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கப்போகிறேன் என்றாள். பகலில் டிசைன், வேலை முடிந்தால் பஸ் என்பது அவள் மனக்கணக்கு. சிட்டி பிடித்த சீட்டுப் பணமும் கைக்கு வந்திருந்தது. அவள் புருஷன் சஜின் அலுமினியம் வேலைக்காரன். ஜன்னல், பார்ட்டிஷன் எல்லாம் செய்கிறவன். என்னோடு படித்தவன். கம்ப்யூட்டர் வாங்க அவன் தடை சொல்லவில்லை. திரையில் படங்களை ஓடவைக்கிற கிராபிக்ஸ் கார்டு என்று அவள் காட்டிய படத்தைப் பார்த்ததும்தான் குரல் உயர்ந்தது.

"கல்யாணக் கார்டு அடிக்க மூணு ஃபேன் வச்ச சாதனம் என்னத்துக்கு? நம்ம ஹாலுக்கே ஒரு ஃபேன்தான் உண்டு!"

"பெரிய ஃபிளெக்ஸ் ஃபைலு திறக்கணும்லா," என்றாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை விழுங்கிவிட்டாள்.

பாகங்களை அவள் தேர்ந்தெடுத்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். பிராசசரை ஒரு படி குறைத்தாள். மெமரியைக் குறைக்கவில்லை. கலர் கலராக மின்னும் லைட் ஒன்றும் வேண்டாம் என்றாள். மானிட்டரில் மட்டும் கறார்: "பிரஸ்ஸு மானிட்டருல பாக்கும்போ சிவப்பு, அடிச்சு வந்தா மெரூன். அந்த ஏச்சை இனி நான் கேக்க முடியாது." எல்லாக் கழித்தலுக்கும் பிறகு மிஞ்சியதை அந்த மூன்று விசிறிக் கார்டில் போட்டாள்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. எதையும் ஒரே பக்கத்தில் வாங்கினால் எங்களுக்கு உறக்கம் வராது. காய்கறி அந்தப் பக்கம், மீன் இந்தப் பக்கம், சினிமா எந்தப் பக்கம் முதலில் வருகிறதோ அந்தப் பக்கம். கம்ப்யூட்டர் மட்டும் தப்புமா? கார்டு, மதர்போர்டு, பிராசசர் எல்லாம் திருவனந்தபுரத்தில். கேபினெட், மானிட்டர், பவர் சப்ளை மார்த்தாண்டத்தில். இரண்டு கடைக்கும் என் வண்டிதான் போனது. இரண்டு இடத்திலும் கடைக்காரர் நல்ல மனுஷனாக, "மற்றது எல்லாம்?" என்று கேட்டார். இவள் இரண்டு இடத்திலும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "அது அந்தப் பக்கம் எடுத்தாச்சு."

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, வீடியோ பார்த்துப் படித்த வித்தையை ஆரம்பித்தாள். மீன்குழம்பு மணம் பிடித்து நானும் வந்து சேர்ந்தேன். போர்டு உட்கார்ந்தது, பிராசசர் உட்கார்ந்தது, மெமரி இரண்டும் டக்கென்று சத்தம் போட்டு உட்கார்ந்தன. கடைசியில் கார்டை எடுத்தாள். பின்பக்கம் வைத்தால் முன்பக்கம் இடித்தது. சாய்த்தாள், திருப்பினாள். ஹார்ட் டிஸ்க் வைப்பதற்காகக் கேபினெட்டின் உள்ளே முன்பக்கத்தில் ஒரு இரும்புக் கூடு இருந்தது. கார்டின் மூக்கு அதில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு விரல் அகலம் போதவில்லை.

ஒரே கடையில் வாங்கியிருந்தால் அந்தக் கடைக்காரரே அளவு சொல்லியிருப்பார். நாங்களோ இரண்டு மாநிலத்துக்கும் மரியாதை செய்துவிட்டு வந்திருந்தோம்!

சஜினுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. "நான் அண்ணைக்கே சொன்னேன்லா. கொண்டுபோய்க் குடுத்துட்டு ஒத்த ஃபேன் கார்டு ஒண்ணு வாங்கு. கல்யாணக் கார்டுக்கு அது தாராளம்."

"தாராளம்தான்," என்றாள். தலை நிமிரவில்லை. கார்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எழுந்து போகவேண்டும்போல் இருந்தது. சோறு இன்னும் பரிமாறவில்லை.

"எனக்குப் பஸ் ஓட்டணும்," என்றாள் திடீரென்று.

"என்னது?"

"கேம் ஆக்கும். அதுக்காக்கும் இந்தக் கார்டு. ஃபிளெக்ஸுக்குண்ணு சொன்னது பாதிக் கள்ளம். கண்டவனுக்க பேரையும் கண்டவனுக்க படத்தையும் பெருசாப் போட்டுப் போட்டு எனக்கு மடுத்துப்போச்சு. மூலையில பிரஸ்ஸுக்க பேரு வரும். எனக்க பேரு எங்கயாவது உண்டா? அந்தப் பஸ்ஸு ஒண்ணுதான் எனக்கு இஷ்டப்பட்டு நான் செய்யது. ஒத்த ஃபேன் கார்டுல அது ஓடாது. போனுல நிண்ணமாதிரி நிக்கும்."

சஜின் மேசைக்குப் பக்கத்தில் வந்தான். போன் டார்ச்சை அடித்துக் கேபினெட்டுக்குள் தலையை விட்டான். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"இந்தக் கூட்டுல நீ எதாவது வைக்கப் போறியா?"

"இல்ல. நம்ம டிஸ்க்கு போர்டுலயே ஒட்டிரும்."

"பின்ன இது என்னத்துக்கு? ஸ்குரூ இல்ல, ரிவெட்டாக்கும் அடிச்சிருக்கான்." தலையை வெளியே எடுத்தான். "எலே ஜெயா, எனக்க வண்டியில டிரில்லு கெடக்கு, எடுத்துட்டு வா."

அதுவரை அழப்போகிறவள்போல் இருந்த பிரசீதா ஒரு நொடியில் மாறிவிட்டாள். "நிறுத்துங்க! இரும்புத்தூள் போர்டுல விழுந்தா எல்லாம் போச்சு. முதல்ல நான் எல்லாத்தையும் வெளிய எடுக்கட்டும்." மாட்டியதையெல்லாம் கழற்றி, ஒவ்வொன்றாகக் கட்டிலில் தலையணை வைத்துப் படுக்கவைத்தாள். சஜின் வெறும் பெட்டியை முற்றத்துக்குத் தூக்கிப்போய் ரிவெட்டுகளைத் துளைத்தான். கூடு கழன்று விழுந்தது. துளைத்த இடத்தில் கை கீறக்கூடாது என்று அரம் போட்டுத் தேய்த்தான். அவள் கேட்கவேயில்லை, அவனாகச் செய்தான். அப்போது அவள் அவனைப் பார்த்த பார்வையை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மறுபடி மாட்டியபோது கார்டு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் மூன்று விசிறியும் சுற்றின. சஜின் கையைப் பெட்டிக்குப் பின்னால் நீட்டிப் பார்த்து, "காத்து நல்லா வருது. உஷ்ணகாலத்துல இங்க வந்து இருக்கலாம்," என்றான். மீன்குழம்பு ஆறிப்போயிருந்தது. யாரும் புகார் சொல்லவில்லை.

கேமை ஏற்றி, அவள் வரைந்த பஸ்ஸைத் திறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நீல வண்டி, ஓரத்தில் பாலராமபுரம் சேலைக் கரைபோல் ஒரு பொன்பட்டை. பாறசாலை–பனச்சமூடு போர்டு இரண்டு மொழியிலும் இருந்தது. போனில் பார்த்த அதே பஸ்தானா என்று எனக்கே சந்தேகம். கண்ணாடியில் மரங்களின் நிழல் ஓடியது.

சஜின் மானிட்டருக்குப் பக்கத்தில் குனிந்தான். "முன்னால மேல வெறுமையா விட்டிருக்கே. வண்டிக்க பேரு என்ன?"

"யாராவது சொன்னா போடலாம்ணு விட்டேன்."

"யாரு சொல்லணும்? உனக்க வண்டிதானே. உனக்க பேரைப் போடு."

அவள் மவுஸைப் பிடித்தாள். எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கும் மணப்பெண்களுக்கும் கண்மூடித் திறப்பதற்குள் எழுத்து தேர்ந்தெடுத்தவள். ஒரு எழுத்தைப் போட்டாள், வளைவு அதிகம் என்றாள். இன்னொன்றைப் போட்டாள், தடிமன் என்றாள். கம்ப்யூட்டர் பாகம் பார்க்கும்போதுகூட இவ்வளவு குழம்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்து, மறுபடி அழித்தாள்.

"தமிழ்லயா, மலையாளத்துலயா?" என்று கேட்டேன்.

"ரெண்டுலயும்," என்றான் சஜின். "பெருசாப் போடு மக்கா, தூரத்துல வரும்போதே தெரியட்டும்."