சுத்தமான சட்டைகளைத் துவைத்தவள்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. இருந்தும் போன வருஷம் பல மாதங்கள், சனிக்கிழமை காலை ஆனால் போதும், என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைகளை வாளியில் போட்டுக்கொண்டு தாமிரபரணிக்குக் கிளம்பிவிடுவேன். எல்லாம் ஏற்கெனவே துவைத்துப் பீரோவில் அடுக்கியிருந்த சட்டைகள். ஊரில் எவளாவது இப்படிச் செய்வாளா என்று கேட்டால், நான் செய்தேன், சந்தோஷமாகச் செய்தேன்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சர்ச்சில் பெண்கள் பாட நானே ஒரு புதுப் பாட்டு கட்டித் தருகிறேன் என்று வாயை விட்டு மாட்டிக்கொண்டேன். கல்லூரி நாளில் பாட்டுக் கட்டியவள்தான். அதற்கப்புறம் பள்ளிக்கூட ஆபீஸ் வேலை, இரண்டு பிள்ளைகள், சமையல். வீட்டில் பேனாவோடு உட்கார்ந்தால் போதும், ஒருவருக்குக் கண்ணாடியைக் காணோம், இன்னொருத்திக்குச் சாக்ஸைக் காணோம், வாசலில் சிலிண்டர்காரர் நிற்பார். சும்மாதானே இருக்கிறாள் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு.

அந்தச் சமயம் பார்த்து மெஷின் கெட்டுப்போனது. கொக்கிரகுளத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஆற்றங்கரை கூப்பிடு தூரம்தான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு படித்துறைக்குப் போனேன். சட்டையைக் கல்லில் நாலு தடவை அடித்திருப்பேன், அந்த அடிக்குச் சரியாக ஒரு வரி வாயில் வந்து விழுந்தது: ‘ஒரு படி விதைச்சோம், ஊரெல்லாம் நெல்லு.’ எனக்கே புல்லரித்துவிட்டது. வீட்டுக்கு வருவதற்குள் பல்லவி முடிந்துவிட்டது.

மறு வாரம் மெஷினைச் சரிபண்ணிவிட்டார்கள், பாவிகள். நான் யோசித்தேன். பேனா பிடித்த பொம்பளையை ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள்; அழுக்குத் துணி எடுத்துப் போகிறவளை ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். “மெஷின்ல காலர் அழுக்கு போகலைங்க” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினேன். பெரிய பொய்யெல்லாம் இல்லை.

படித்துறையில் எனக்கு ரசிகைகள்கூடச் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்துக் கல்லில் துவைக்கிற ஒரு அக்கா, என்னைக் கண்டதுமே, “ஏ மதினி, போன வாரம் பாதியில விட்டியே, மிச்சம் வந்துட்டா?” என்பாள். நான் பாடினால் அவள் தன் சேலையை அதே தாளத்தில் அடிப்பாள். நன்றாக வந்த வரிக்கு இரண்டு அடி கூடுதலாக விழும்.

வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. தாலுகா ஆபீஸில் அவர் சட்டை மாதிரி வெளுத்த சட்டை யாருக்கும் இல்லையாம். ஆனால் பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வருவதற்குள் காலர்கள் நைந்து நூல் தொங்க ஆரம்பித்தன. மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. சட்டைகளைப் பையில் போட்டு, என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, வாங்கின கடைக்கே சண்டைக்குப் போனார்.

கடை அண்ணாச்சி காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “துணி மேல குத்தம் இல்ல சார். இதக் கல்லுல போட்டு யாரோ கொன்னுருக்காவ” என்றார்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம், கடைசிச் சரணம் பாக்கி. சனிக்கிழமைத் துவையல் போனால் பாட்டும் போயிற்று. திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி, “என்னத்துக்குடி இப்படிச் செஞ்ச?” என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “பாட்டா?” என்றார். அங்கேயே, லாரிகளுக்கு நடுவில், பாடிக் காட்டினேன். கேட்டு முடித்ததும் வண்டியைக் கிளப்பினார்.

மறுநாளே மாடி அறையில் கிடந்த தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் ஒழித்து, மேசை நாற்காலி போட்டு, மின்விசிறியையும் துடைத்து வைத்தார். “இங்கன உக்காந்து எழுது. ஒருத்தரும் வர மாட்டாவ.” ஒருத்தரும் வரவில்லைதான், அவரைத் தவிர. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து, “வந்துட்டா?” என்று கேட்டார். பிரசவ வார்டு வாசலில்கூட அவர் இத்தனை தவிக்கவில்லை. எனக்கு ஒரு வரியும் வரவில்லை. அன்பாகச் செய்ததை எப்படி வேண்டாம் என்பது? இரண்டு சனிக்கிழமை வெள்ளைத்தாளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் அழுகையாக வந்தது.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை நான் மாடிப்படி ஏறப் போனபோது பின்னால் தொம்மென்று ஏதோ விழுந்தது. பரணில் கிடந்த பெரிய பவானி ஜமுக்காளம். அவர் தலையெல்லாம் தூசியோடு நின்றார்.

“இத எடுத்துட்டுப் போ. எவ்வளவு அடிச்சாலும் கிழியாது” என்றார். தும்மிவிட்டுச் சொன்னார்: “அவசரப்படாம, பைய அடி. நனைஞ்சா உன்னால தூக்க முடியாது. பாட்டு முடியட்டும், நான் வந்து தூக்குதேன்.”