அவருக்கு வாய், எனக்குக் கை

ஒப்பந்தம் எளிமையானது. அவருக்கு வாய், எனக்குக் கை. காரில் என்ன வேலை இருந்தாலும் அவர் சொல்வார், நான் செய்வேன். அவர் எதையும் இழுக்கக் கூடாது, தூக்கக் கூடாது. மீறினால் அந்த நிமிடமே இழுவை லாரியைக் கூப்பிட்டுக் காரைப் பட்டறைக்கு அனுப்பிவிடுவேன் என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருந்தேன்.

காரணம் என் கணவரின் நெஞ்சு. பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நெஞ்செலும்பைப் பிளந்து, கம்பியால் கட்டி மூடியிருந்தார்கள். எலும்பு கூடும் முன் பலமாக எதையாவது இழுத்தால் கட்டு விட்டுப் போகும் என்று டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். ஆளைப் பார்த்தவுடனே புரிந்துகொண்டார் போல.

பிறகு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். அவர் பஸ் கம்பெனியில் போமனாக, அதாவது மெக்கானிக்காக, இருந்தவர். எத்தனையோ எஞ்சின்களைப் பிரித்து மாட்டியவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவியைப் போட்டால் அணைக்கச் சொன்னார். எங்கள் பழைய காரின் கிளட்ச் போய்விட்டது என்று தெரிந்த அன்றுதான் வாயைத் திறந்தார்.

"நான் உசுரோட இருக்கும்போது என் காடிய இன்னொரு போமன் தொடுறதா?"

அந்தக் குரலைத் திரும்பக் கேட்ட சந்தோஷத்தில் நான் புத்தி கெட்டு ஒத்துக்கொண்டேன்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையை ஒட்டிய வரிசை வீடு எங்களுடையது. வாசலில் காரை முட்டுக்கொடுத்து நிறுத்தி, எதிர்வீட்டுத் தம்பி காலையிலேயே கியர்பாக்ஸையும் பழைய கிளட்சையும் இறக்கிக் கொடுத்துவிட்டு, பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலைக்கு ஓடிவிட்டான். மிச்சம் இருந்தது ஃபிளைவீல். தோசைக்கல்லைப் போலக் கனமான இரும்புத் தட்டு. கிளட்ச் தேய்ந்து தேய்ந்து அதன் முகத்தில் கோடு விழுந்திருந்தது. கழற்றிக் கடைசலுக்குக் கொடுத்தால்தான் புதுக் கிளட்ச் நிற்கும். நடுவில் வட்டமாகப் போல்ட்டுகள் இருந்தன.

நான் சக்கரம் கழற்றிய இடத்தில் அட்டையை விரித்து, ஃபிளைவீலுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். அவர் எஞ்சினுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் இருந்தார். ஃபிளைவீல் கூடவே சுழலாமல் இருக்க, அதன் ஓரத்துப் பற்களுக்குள் பெரிய ஸ்க்ரூடிரைவரைச் சொருகி எஞ்சினில் முட்டவிட்டிருந்தார். அது நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டும் அவர் வேலை.

ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டி நிமிர்த்திப் பிடித்தேன்.

"எந்தப் பக்கம்? போத்தல் மூடி தொறக்கிற மாதிரியா?"

"இது போத்தல் மூடி இல்ல லா. எனக்கு லெப்ட்டு. நீ எதிர்ப்பக்கம் இருக்க, உனக்கு ரைட்டு. ரைட்டுல இழு."

இழுத்தேன். அசையவில்லை. இரண்டு காலையும் காரின் சட்டத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். துரு இளக்கும் எண்ணெய் அடிக்கச் சொன்னார், அடித்தேன். சுத்தியலால் தட்டச் சொன்னார், தட்டினேன். போல்ட்டு அசையவே இல்லை. உள்ளங்கையில் கொப்புளம் எழுந்ததுதான் மிச்சம்.

"இடம் சரியில்ல, குனிய முடியல" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார்.

குழாயாலேயே ஒரு போடு போடலாமா என்று வந்தது. ஆனால் அவர் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் இழுக்கும்போதெல்லாம் அவரும் மூச்சை இறுக்கிப் பிடித்தார். நான் இழுத்ததைவிட அவர் மனசுக்குள் இழுத்தது அதிகம். "ஏங்க, மூச்சு விடுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். கத்தக் கத்த அவருக்கும் கோபம் ஏறியது.

"குடு, ஒரே இழுப்பு!"

"கைய எடுங்க!"

மதியம் மாத்திரை நேரம் வந்தது. எடுத்துவர உள்ளே போனேன். தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெளியே வந்தால் ஸ்டூலில் ஆள் இல்லை. என் அட்டையில் உட்கார்ந்திருந்தார். வலது கை குழாயின் மேல் இருந்தது.

டம்ளர் கையிலிருந்து விழுந்தது. "கைய எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழுக்கல. சும்மா வெச்சுப் பாத்தேன்" என்றார் மெதுவாக. "கை தானா இந்தப் பக்கம் போவுது."

அவர் கை குழாயை இடப்பக்கம் தள்ள வாகாக உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து நான் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"நான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றார்.

காலமெல்லாம் போல்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்தே கழற்றியவர். எந்தப் பக்கம் என்று அவர் கை யாரையும் கேட்டதில்லை. இன்றைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மனத்தில் தானே என் இடத்தில் இருப்பதாக நினைத்து லெப்ட்டு என்று சரியாகப் பிடித்து, பிறகு அதையும் எனக்காக ரைட்டு என்று திருப்பிச் சொல்லியிருக்கிறார். கழற்றுவதாக நினைத்து நான் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். போத்தல் மூடி என்று நான் கேட்டதே சரி.

ஆடத் தெரியாதவள் பழமொழியைத் திருப்பிக் கொடுக்க நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். இத்தனை வருடக் குடித்தனத்தில் தப்பு என்று அவர் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"இதுகூட எனக்கு மறந்து போச்சா?" என்றார்.

"வாய்தாங்க மறந்துச்சு. கைக்கு ஞாபகம் இருக்கே. எந்திரிங்க, போய்ப் புடிங்க."

அவர் போய், ஸ்க்ரூடிரைவரை மறுபக்கம் மாற்றிச் சொருகினார். நான் இடப்பக்கம் சாய்ந்து, முருகா என்று உடம்பின் மொத்தப் பாரத்தையும் போட்டேன்.

டக்.

எலும்பு முறிந்த சத்தம் மாதிரியே இருந்தது. நான் போல்ட்டைப் பார்க்கவில்லை. எழுந்து எஞ்சினுக்கு மேலாக எட்டி அவர் நெஞ்சைப் பார்த்தேன்.

அவருக்குப் புரிந்தது. சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். "இது இல்ல. அந்தப் போல்ட்டு."

நான் அழுதேன். எண்ணெய்க் கையால் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பு.

மற்ற போல்ட்டுகள் ஒவ்வொன்றாக இளகின. இளகியபின் அவற்றுக்குப் பலம் வேண்டாம். அவர் சுற்றி வந்து, முனகிக்கொண்டே என் பக்கத்தில் அட்டையில் உட்கார்ந்தார். இரண்டு விரலால் ஒரு போல்ட்டைச் சுழற்றி எடுத்து, துடைத்து, பால் டின்னில் போட்டார். பிறகு அடுத்ததற்குக் கையை நீட்டினார்.

கையை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை.