எதிர்க்கடைக்குப் போகும் எங்கள் தூள்

இந்தப் பனி நாட்டில் பத்து வருடமாக என் பலசரக்குக் கடைக்கு அரிசி, பருப்பு எல்லாம் தந்த மொத்த வியாபாரி யோகண்ணை, போன மாதம் என் கடைக்கு எதிரிலேயே சொந்தக் கடை திறந்தார்.

துறைமுகத்தில் இறங்கும் சரக்கு அவருடையது. ஏற்றி வரும் லொறியும் அவருடையது. இப்போது கல்லாவும். எனக்குத் தரும் அதே விலைக்குச் சனத்துக்கும் விற்கிறார். கடையைப் பூட்டிவிடலாமா என்று வீட்டில் பேசத் தொடங்கிவிட்டோம்.

இன்று காலை பனியை மிதித்துக்கொண்டு அவரே வந்தார்.

"தம்பி, வாற சனமெல்லாம் உம்மட மனுசி வறுத்து அரைக்கிற மிளகாய்த்தூளைத்தான் கேக்குது."

"நீங்களும் தூள் இறக்கினீங்கள்தானே, அண்ணை?"

"இறக்கினன். மணமில்லையாம். தூள் வாங்க இஞ்ச வாறவை அரிசியையும் இஞ்சயே வாங்கிக்கொண்டு போகினம். கிழமைக்கு ஐம்பது பைக்கற் தாரும், என்ர பேரில விக்கிறன்."

தூள் நிறுத்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னாள்.

"பேர் எங்கட பேர்தான் அண்ணை. கடை விலாசமும் பைக்கற்றில இருக்கும்."

நான் சந்தர்ப்பத்தை விடவில்லை. "அப்ப எனக்கு அரிசி, சனத்துக்குக் குடுக்கிறதிலும் குறைச்ச விலைக்கு வரவேணும்."

யோகண்ணை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஓம், ஓம். உம்மட மனுசியை முதலே கேட்டிருக்கலாம்."

கப்பலிலிருந்து கல்லா வரை எல்லாம் அவர் கையில். மிளகாய் வறுக்கும் எங்கள் வீட்டுத் தாச்சி மட்டும் அகப்படவில்லை.

கடை பூட்டும் பேச்சு இன்றோடு முடிந்தது. இனி நீங்கள் எந்தக் கடையில் தூள் வாங்கினாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் போன மாதம் யார் யார் எதிர்க்கடைக்குப் போனீர்கள் என்று கீழே கருத்துப் பகுதியில் உண்மையைச் சொல்லுங்கள்.